ஆளை மாற்றினால் கார் சரியாகிவிடுமா?
ஃபார்முலா ஒன்னில் ஒருத்தர் நாலு ரேஸ் சொதப்பினால் போதும், "ஆளை மாத்துங்கப்பா" என்று ஆரம்பித்துவிடுகிறோம். நானும்தான். 2024-இல் ரெட் புல் டீமின் ஓட்டுநர் பெரெஸைத் திட்டாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. சீனாவில் மூன்றாவதாக வந்த மனுஷன், அதற்கப்புறம் அந்த வருஷம் முதல் மூன்று பேர் ஏறும் மேடையே ஏறவில்லை. அதே டீமில் அதே காரை ஓட்டிய வெர்ஸ்டாப்பன் 437 புள்ளி, இவர் 152. டீம்களுக்கான பட்டத்தில் ரெட் புல்லுக்கு மூன்றாமிடம்.

சரி, பெரெஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த லாசனுக்கு 2025-இல் இரண்டே ரேஸ். அப்புறம் சுனோடா. அவருக்கும் அதே தடுமாற்றம்.

அந்த ரெட் புல் காரின் முன்பக்கம் வெடுக்கென்று திரும்பும், பின்பக்கம் வழுக்கும். வெர்ஸ்டாப்பனுக்குப் பிடித்த கார் அது. மற்றவர்கள் வளைவில் நுழையும்போதே ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினார்கள். நம்பிக்கை போனவன் பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே மிதிப்பான். நேரம் போவது அங்கேதான்.

2019-இல் பாதி சீசனில் இதே டீம் தங்களுடைய சின்ன டீமுக்கு இறக்கிவிட்ட காஸ்லி, அடுத்த வருஷமே அந்த டீமின் காரில் இத்தாலியின் மோன்சாவில் ஜெயித்தார். ஓட்டத் தெரியாதவரா அவர்?

என்னைக் கேட்டால், அரை சீசனாவது கொடுக்கணும். ஆனால் பெரெஸ் தடுமாற ஆரம்பித்த பிறகு, 2024 ஜூன் மாதம் உட்கார்ந்து ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்களே, அது மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை.