பின்னறைப் பூனை: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 4

மழை விடுவதாக இல்லை. தெருவில் திரிந்த பூனையைப் பின்னறையில் விட்டாச்சு. பெண். சாம்பலில் கறுப்பு வரி. கேரியரோடு நிறுத்து, வெறும் கேரியரைக் கழித்ததில் 1.9 கிலோ. பால்பல் ஒன்றுகூட மிச்சமில்லை, அதனால் ஆறு மாதம் தாண்டியிருக்கும். காது நுனி வெட்டப்படவில்லை, கருத்தடை ஆகியிருக்காது. ஈறு வெளிறியிருக்கிறது. பிடரித் தோலைத் தூக்கிவிட்டால் மெதுவாகத்தான் படிகிறது, உடம்பில் நீர் போதவில்லை. எலும்பும் தோலுமாக இருக்கிறது, வயிறு மட்டும் உப்பல். புழுவா, குட்டியா?

அறைக்குள் கவிழ்த்துப் போட்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, பழைய டவல், மணல் தட்டு. தண்ணீர் தட்டுக்கு எதிர் மூலையில். கழிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் குடிக்காது. கதவிடுக்கில் துணி திணித்திருக்கிறது. வீட்டுப் பூனை பூரணி அந்த இடுக்கை மோந்துவிட்டு வாலைப் பருக்க வைத்துக்கொண்டு போனாள். நாய் மணிக்கு இன்னும் விஷயமே தெரியாது.

நவம்பர் 5

கையில் கீறல். ஆழமில்லை, ஆனால் ரத்தம் எட்டிப் பார்த்தது. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்து. அரசு மருத்துவமனையில் ரேபிஸுக்குத் தோலுக்குள் போடும் ஊசி: இன்று, 8, 12, டிசம்பர் 3. பூனைக் கீறல்தானே என்று விடுகிற விஷயமில்லை இது. தெருவில் திரிந்த பூனை, யாரோடு சண்டை போட்டதென்று யாருக்குத் தெரியும்?

பூனைக்குக் கால்நடை டாக்டரிடம் லுகீமியா, எய்ட்ஸ் வைரஸ் (பூனைகளுக்கே வருபவை) இரண்டுக்கும் ஒரே கிட்டில் பார்த்தார்கள், சில சொட்டு ரத்தம் போதும். இரண்டும் இல்லை. அண்மையில் தொற்றியிருந்தால் இரண்டுமே இப்போது காட்டாமல் போகலாம். இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை.

குடற்புழுவுக்கு ஃபென்பெண்டசோல், சினையாக இருந்தாலும் கொடுக்கலாம். கிலோவுக்கு 50 மி.கி., ஆக 95 மி.கி. இந்த பாட்டிலில் ஒரு மில்லிக்கு 25 மி.கி. என்பதால் 3.8 மில்லி. தொடர்ந்து மூன்று நாள், இரண்டு வாரம் கழித்து மறுபடி. பாட்டில் செறிவைக் கேட்காமல் "ரெண்டு மில்லி விடுங்க" என்று சொல்கிறவர்களை நம்ப முடிவதில்லை.

நவம்பர் 6

"கொஞ்சம் பினாயில் ஊத்தித் துடைச்சா நாத்தம் போயிடும்ல?" என்கிறாள் அம்மா. பினாயிலும் கூடாது, டெட்டாலும் கூடாது. ஃபீனால் வகைப் பொருளை உடைத்து வெளியேற்ற பூனையின் ஈரலுக்குத் தெம்பில்லை. துடைத்த தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், உள்ளே போய்விடும். பாராசிட்டமாலும் இதே கதைதான், ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அலமாரியைப் பூட்டியாச்சு.

பிளீச்தான். 5 சதவீத ஹைப்போகுளோரைட் 30 மில்லிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தரை 10 நிமிடம் ஈரமாகவே நிற்கணும். அதற்கு முன்னால் அழுக்கையும் மூத்திரத்தையும் வெறும் தண்ணீரில் கழுவியே ஆகணும். அழுக்கு மேல் பிளீச் வேலை செய்யாது, மூத்திரத்தோடு சேர்ந்தால் நச்சுப் புகை. அறை காயும்வரை பூனை கேரியரில்.

நவம்பர் 7

தின்கிறது. யாரும் பார்க்காதபோது மட்டும்.

நவம்பர் 9

காலையில் தட்டில் தண்ணீராய்ப் போயிருந்தது, ஓரத்தில் நுரை வாந்தி. பேன்லுகோபீனியாவாக, அதாவது பூனைகளைத் தாக்கும் வைரஸ் கழிச்சலாக, இருந்தால்? தொற்றிய பிறகு வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். நான்காம் தேதிக்கு முன்னால் எங்கே என்ன மோந்ததோ. அந்த வைரஸ் ஒரு வருடம்கூட அறையில் உயிரோடு கிடக்கும், செருப்பில் ஒட்டி கூடத்துக்கு வரும். பின்னறைக்கென்று தனி ரப்பர் செருப்பு, தனி நைட்டி, தனி விளக்குமாறு வைத்திருப்பது இதற்காகத்தான். வீட்டில் எல்லாருக்கும் இது வேடிக்கையாக இருக்கிறது. பூரணிக்குப் போன வருடம் ஊசி போட்டிருக்கிறது. இருந்தாலும்.

சூடு 39.0. பூனைக்கு 39.2 வரை இயல்பு. நாய்களுக்கான பார்வோ கிட் இதற்கும் உதவும், இரண்டும் நெருங்கிய வைரஸ்கள். மலத்தை ஒற்றிப் பார்த்ததில் ஒரு கோடுதான், இல்லை. இல்லை என்று காட்டினால் முழுக்க நம்பலாமா? கூடாது. அந்த நோயில் குறையும் வெள்ளணுவை எண்ணினார்கள். குறையவில்லை. மாலை கரண்டி அளவு வேகவைத்த கோழி, உப்பில்லாமல். வைத்துக்கொண்டது.

ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி சூடு பார்த்தாச்சு. 38.8.

நவம்பர் 10

இடியாப்ப இழை போல உருளைப்புழு, ஒரு கொத்து. அருவருப்பும் நிம்மதியும் ஒன்றாக.

நவம்பர் 12

மணியின் கழுத்தில் உண்ணி. கடையில் எடுத்துக் கொடுத்த சொட்டு மருந்தின் அட்டையில் பெர்மெத்ரின். திருப்பிக் கொடுத்தாச்சு. நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனைக்கு நடுக்கம், வலிப்பு, சாவு. பூனைக்குப் போடக்கூட வேண்டாம், மருந்து காயாத நாயின் மேல் உரசிப் படுத்தாலே போதும், அல்லது நாயை நக்கினால். இரண்டும் ஒரு வீட்டில் இருக்கும்போது மணிக்கு வாய்வழி மாத்திரைதான். பூனைகளுக்கு பிடரியில் செலமெக்டின். தெள்ளுப்பூச்சிக்கும் கேட்கும், காதுப் பேனுக்கும் கேட்கும். புதுசின் காதுக்குள் காய்ந்த கறுப்பு அழுக்கு நிறைய.

கடைக்காரர் "எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா" என்றது இன்னும் காதில்.

நவம்பர் 15

2.2 கிலோ. வயிறு இன்னும் உப்பல்தான். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இருபது நாளுக்குக் குறைந்த சினை தெரியாமல் போகலாம். வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் சேர்ந்திருந்தால்? 29ஆம் தேதி மறுபடி பார்த்தால் ஒளிய இடமிருக்காது. அதுவரை தடுப்பூசி இல்லை. உயிருள்ள வைரஸ் ஊசியைச் சினைப் பூனைக்குப் போட்டால் கருவிலிருக்கும் குட்டியின் சிறுமூளை வளராமல் போகும், பிறந்து தள்ளாடும். ஊசியில்லாமல் இன்னும் இரண்டு வாரம். கதவிடுக்குத் துணியை இன்னும் இறுக்கமாகத் திணித்திருக்கிறது.

நவம்பர் 18

இனி வாசனை. புதுசின் கன்னத்தில் தேய்த்த துணியைப் பூரணியின் சோற்றுக் கிண்ணத்திலிருந்து மூன்றடி தள்ளி வைத்தோம். சீறினாள். சாப்பிட்டாள். சாப்பிட்டால் சரி. பூரணியின் துணி உள்ளே போனது, புதுசு அதன் மேலேயே படுத்துவிட்டது.

நவம்பர் 19

இரண்டாம் சுற்றுப் புழு மருந்து.

நவம்பர் 22

பீரோ ஓரத்தில் பூரணி மூத்திரம் விட்டிருக்கிறாள். படுக்கையாக ஒரே குட்டையாகத்தான், சுவரில் பீய்ச்சவில்லை. அப்படியென்றால் கலக்கம், அல்லது சிறுநீர்ப்பை அழற்சி. அதட்டினால் இன்னும் மோசமாகும். கூடத்தில் இன்னொரு மணல் தட்டு. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்பது கணக்கு, அதுவும் ஒரே இடத்தில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான். மணல் மூன்று விரற்கடை ஆழம், வாசனைப் பொடி கலக்காதது. மணி எட்டாத இடத்தில் வைக்கணும், நாய்க்குப் பூனை மலம் பலகாரம்.

கதவைத் திறந்து கொசுவலைச் சட்டம் கட்டி இரண்டு பக்கமும் மத்தி மீன் வைக்கலாம் என்றிருந்தோம். இரண்டு நாள் தள்ளிப் போகட்டும்.

நவம்பர் 24

சட்டம் கட்டியாச்சு. பூரணிக்கு இந்தப் பக்கம் எட்டடியில் கிண்ணம், புதுசுக்கு அந்தப் பக்கம் எட்டடியில். முள் எடுத்த வேகவைத்த மத்தி. குழம்பிலிருந்து கழுவி எடுத்த மீன் உதவாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுவை உடைக்கும். ஒருத்தி முறைத்துக்கொண்டே நின்றால் கிண்ணத்தைப் பின்னால் நகர்த்தணும். இரண்டும் குனிந்து தின்றால் மறுநாள் அரையடி முன்னால். இன்று எட்டடியே அதிகம்.

மீனும் சோறுமே எந்நேரமும் போட்டுக்கொண்டிருந்தால் டாரின் என்ற சத்து போதாமல் இதயமும் கண்ணும் கெடும். மணியின் தீனியும் அதே காரணத்துக்காகக் கூடாது. பூனைத் தீனிதான் அடிப்படை, மீன் ஆசைக்கு.

நவம்பர் 26

ராத்திரி முழுக்கக் கத்தல். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தரையில் புரளல். இணைசேரும் சூட்டுக்கு வந்திருக்கிறது. அப்படியென்றால் குட்டி இல்லை! கிட்டத்தட்ட நிச்சயம். சன்னலுக்கு வெளியே கடுவன் ஒன்று வந்து சுவரில் அடித்துவிட்டுப் போயிருக்கிறது, அந்த நாற்றத்தில் பூரணி பரணேறிவிட்டாள்.

நவம்பர் 27

தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லையாம்.

நவம்பர் 29

2.5 கிலோ. ஸ்கேன் சுத்தம். முதல் தடுப்பூசியும் ரேபிஸும் போட்டாச்சு. அடுத்த தவணை டிசம்பர் 20க்கும் 27க்கும் இடையில். கருத்தடை அறுவை, சூடு தணிந்த பிறகுதான்; இப்போது கர்ப்பப்பையில் ரத்த ஓட்டம் அதிகம். ரொம்பத் தள்ளவும் முடியாது, இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப ஆரம்பிக்கும்.

நவம்பர் 30

மணி சங்கிலியில், சட்டத்துக்கு இந்தப் பக்கம். உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் அசையாமல் பார்த்தான். குரைப்பதைவிட இதுதான் ஆபத்து. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பினால் ஒரு துண்டு ஈரல். திரும்பாவிட்டால் தூரம் போதவில்லை என்று அர்த்தம், இன்னும் பின்னால் இழுக்கணும். வராந்தா முனை வரை போன பிறகுதான் திரும்பினான். பூனை முழு நேரமும் அலமாரி உச்சியில் உட்கார்ந்து கால் நக்கிக்கொண்டிருந்தது. அறைக்கு வெளியேயும் இப்படி உயரம் வேண்டும், கூடத்தில் ஏறிக்கொள்ள ஒன்றுமே இல்லை. தச்சரிடம் ஐந்தடி உயரத்தில் ஓர் அடி அகலப் பலகை, இரண்டு. ஏற ஒரு பக்கம், இறங்க வேறு பக்கம். ஒரே வழி என்றால் பூரணி மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

டிசம்பர் 1

பூரணி காலையிலிருந்து எதையும் தொடவில்லை. ராத்திரிக்குள் தின்னாவிட்டால் நாளை முதல் வேலை டாக்டர். குண்டுப் பூனை இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். சட்டத்தைக் கழற்றி மறுபடி கதவு சாத்தியாச்சு, இடுக்கில் துணி. தச்சர் நாளைக்கு வருகிறார்.