இன்று மட்டுமா, இனிமேலா

"இன்று மட்டுமா, இனிமேலா?" என்று ஐயா கேட்டார்.

"இனிமேல்" என்றேன்.

அவர் பேனாவை மூடிப் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நடந்தது இவ்வளவுதான். குரல் உயரவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. மூலையில் டிக்கெட் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த பையனுக்கு அங்கே ஏதோ முடிந்துபோனது என்றுகூடத் தெரிந்திருக்காது. இது நடந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. ஐயா காலமாகி 2 மாதங்கள் ஆகின்றன. பூங்கா வாசலில் வைக்கப்போகும் பலகைக்கு அவரைப் பற்றி இரண்டு பத்திகள் எழுதித் தரும்படி அவருடைய மகள் என்னிடம் கேட்டிருக்கிறார். முதல் பத்தியை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். இரண்டாவது பத்தி "கடைசி வரை" என்று தொடங்குகிறது. அதற்கு மேல் கை ஓடவில்லை.

முதல் பத்தியில் சிக்கல் எதுவும் இல்லை. 18 வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். 15 ஆண்டுகள் வண்டிப் பணிமனையில் வேலை பார்த்தார். விடுபட்டு வந்தபோது கிடைத்த பணத்தில் ஒரு பழைய குடை ராட்டினம் வாங்கினார். கையால் தள்ளிச் சுற்றும் ராட்டினம். அவர் தள்ளினார், மனைவி டிக்கெட் கிழித்தார். அதன்பின் ஸ்கேட்டிங் தளம், 6 தடங்கள் கொண்ட பௌலிங் கூடம், டாஷிங் கார், கடைசியாக இந்தப் பூங்கா. பௌலிங் கூடத்துக்கு எந்திரம் வாங்கும்வரை, விழுந்த 10 கட்டைகளையும் அவரும் மகளும் தடத்தின் கோடியில் குந்தியிருந்து கையால் நிறுத்தி வைத்தார்கள். பந்து வீசும் கோட்டிலிருந்து முதல் கட்டைக்கு 60 அடி. அந்த 60 அடியைத் தினமும் காலையில் முழங்காலிட்டுத் துடைத்ததாக அந்த மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், சொல்வார். குடும்பங்கள் பொழுதுபோக்க வரும் இடத்தை ஒரு குடும்பமே உழைத்து நடத்தியது. அவர்களுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையாக இருந்ததில்லை.

போரைப் பற்றி ஐயா பேசமாட்டார். ராணுவத்திலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு விதி. பழுது பார்த்த வண்டியில் முதலில் பழுது பார்த்தவன் ஏற வேண்டும். அதனால் தினமும் காலையில் ராட்சத ராட்டினத்தின் 24 பெட்டிகளையும் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபின், காலியாகச் சுற்றும் முதல் சுற்றில் அவரே ஏறி உட்காருவார். மழையானாலும் காய்ச்சலானாலும் இது மாறியதில்லை. 1893இல் சிகாகோ கண்காட்சியில் பெரிஸ் என்ற பொறியாளர் கட்டிய முதல் ராட்சத ராட்டினத்தைப் பற்றிப் புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்வார். 264 அடி உயரம், 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர் வரை ஏறலாம். சோதனை ஓட்டத்தில் பெட்டி மாட்டியதும் முதன்முதலில் ஏறியவர்களில் பெரிஸின் மனைவியும் ஒருவர். இந்த இடம் வரும்போது ஐயாவின் குரலில் ஒரு பெருமிதம் வந்துவிடும், தன் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. 1935 அக்டோபர் 30ஆம் தேதி அமெரிக்காவில் போயிங் 299 என்ற புது விமானம் மேலெழும்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. விமானத்தில் பழுது எதுவும் இல்லை. தரையில் நிற்கும்போது வால்பகுதி காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை, கிளம்பும் முன் எடுக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர்கள் கத்துக்குட்டிகளும் அல்லர், கைதேர்ந்தவர்கள். அதற்குப் பிறகுதான் விமானிகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. "தெரியாதவன் செய்த தப்பில்லை தம்பி, தெரிந்தவன் மறந்தது" என்பார். பதிவேட்டை அவர் அந்தப் பட்டியலின் வாரிசாகவே நினைத்தார்.

இனி அந்த நாள்.

ராட்டினப் பெட்டியின் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்கள். இரண்டாவது தாழ்ப்பாளில் ஒரு பின், பின் கழன்றுவிடாமல் அதன் துளையில் ஒரு கிளிப். ஆங்கில ஆர் எழுத்தைப் போல வளைந்த, விரல் நீளமுள்ள கம்பி. அன்று காலை எட்டரைக்கு ஐயா கையெழுத்துப் போட்டிருந்தார். பத்து மணிக்குத் திறக்க வேண்டும். 9.40க்கு ஏதோ தோன்றி நான் ஒரு சுற்றுப் பார்த்தேன். 11ஆம் பெட்டியில் பின் இருந்தது, கிளிப் இல்லை. முதல் தாழ்ப்பாள் சரியாக இருந்ததால் கதவு திறந்திருக்காது. ஆனாலும் எனக்குக் கால் நடுங்கியது. புதுக் கிளிப்பைப் போட்டுவிட்டு அறைக்கு வந்தேன்.

"ஐயா, 11ஆம் பெட்டியில் கிளிப் இல்லை."

அவர் பதிவேட்டைத் திறந்து 11ஆம் வரியைப் பார்த்தார். சரி என்று குறி போட்டிருந்தது. ஓரத்தில் வழக்கம்போல அவருடைய பெருவிரலின் கிரீஸ் கறை. "கண்ணால் பார்க்காதே, கையால் பார்" என்பவர் அவர். ஒவ்வொரு கிளிப்பையும் தொட்டு, இழுத்துப் பார்த்து, அதே கையோடு குறி போடுவார். அந்தப் பதிவேட்டில் அவருடைய விரல் படியாத பக்கமே கிடையாது.

"நான் தொட்டேனே" என்றார். வாதாடும் குரலில் சொல்லவில்லை, தன்னையே கேட்டுக்கொள்வதுபோலச் சொன்னார்.

"கையெழுத்தை நான் போடுகிறேன் ஐயா" என்றேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "இன்று மட்டும்" என்று நான் சொல்லியிருக்கலாம். "கொஞ்ச நாளைக்கு" என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் அந்த நேரத்தில் பொருந்தும் பதில்கள்தான். ஆனால் "இனிமேல்" என்ற சொல் தயாராக இருந்ததுபோல வெளியே வந்தது. பல மாதங்களாகவே அது எனக்குள் தயாராகத்தான் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என் பக்க நியாயமும் சின்னதில்லை. அவருக்கு அப்போது 79 வயது. விரல்கள் நடுங்கத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. படியேறும்போது கைப்பிடியைத் தேடிப் பிடித்தார். இரண்டு முறை தேதியைத் தவறாக எழுதியிருந்தார். ஒரு பெட்டிக்கு 4 பேர் என்றால் ஒரு சுற்றில் 96 பேர், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். பூங்காவின் மேலாளர் நான். ஒருவருடைய மனம் நோகும் என்பதற்காக அந்த 96 பேரைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. இன்று அதே நிலை வந்தாலும் அவரிடமிருந்து பேனாவை வாங்கத்தான் செய்வேன்.

இதை உறுதியாக எழுதிவிட்டேன். ஆனால் மூன்று வாரம் கழித்து நடந்ததையும் எழுதியாக வேண்டும்.

ஒரு காலை, ராட்டினத்தடியில் மறந்து வைத்துவிட்ட ஸ்பேனரை எடுக்க ஒன்பது மணிக்குத் திரும்பிப் போனேன். சோதனை முடிந்து நான் கையெழுத்துப் போட்டு அரைமணி ஆகியிருந்தது. துப்புரவு செய்பவர் 7ஆம் பெட்டியில் நின்று கதவின் கீலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பற்களுக்கு இடையில் அந்தக் கிளிப் இருந்தது. துடைத்து முடித்ததும் பின்னைச் செருகினார், வாயிலிருந்து கிளிப்பை எடுத்துச் சட்டையில் துடைத்துத் துளையில் மாட்டினார், அடுத்த பெட்டியை இறக்கச் சொல்லிக் கை காட்டினார்.

"தினமும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஆமாம் சார். பின்னை எடுக்காவிட்டால் கதவு முழுதாகத் திறக்காது. இடுக்கில் அழுக்குத் தங்கிவிடும்."

ஆண்டுக்கணக்காக அப்படித்தான் செய்திருக்கிறார். முதலில் சோதனை, பிறகு துப்புரவு. எட்டரைக்குத் தொட்டுப் பார்த்த கிளிப்களை ஒன்பது மணிக்கு வேறொரு கை கழற்றி மாட்டியிருக்கிறது. அந்த வரிசையை யாரும் யோசிக்கவில்லை, மேலாளராகிய நானும் யோசிக்கவில்லை. 11ஆம் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவரை யாராவது கூப்பிட்டார்களா என்று விசாரித்தேன். அவருக்கு நினைவில்லை. எனக்கு ஒரு நினைவு இருக்கிறது. டாஷிங் கார் தளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, உடனே வாருங்கள் என்று நான் அவரை ராட்டினத்திலிருந்து கூப்பிட்ட நினைவு. அது அன்றைக்கா, அதற்கு முந்தைய நாளா? 6 ஆண்டுகளாக இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். சில இரவுகளில் அன்றைக்குத்தான் என்று தோன்றுகிறது. காலையில் முந்தைய நாள்தான் என்று தோன்றுகிறது.

ஐயாவும் விட்டிருக்கலாம். நடுங்கும் விரல் தொட்டதைத் தொட்டதாகவே உணருமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. எதையும் நிரூபிக்க வழியில்லை. ஆனால் அந்த ஒன்பது மணியில் எனக்குத் தெரிந்ததை ஐயாவிடம் சொல்லியிருக்க வழி இருந்தது. நான் சொல்லவில்லை.

சொல்லாமல் என்ன செய்தேன் என்றால், ஓர் அறிவிப்பு எழுதினேன். "துப்புரவு முடிந்த பின்னரே பாதுகாப்புச் சோதனை. சோதனைக்குப் பிறகு எந்தப் பின்னையும் எவரும் கழற்றக் கூடாது." கீழே என் கையெழுத்து. பலகையில் ஒட்டிய எதையும் படிக்காமல் ஐயா கடந்து போகமாட்டார். அன்று மாலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காகிதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். திரும்பி என்னைப் பார்த்து, "நல்ல மாற்றம் தம்பி" என்றார்.

அவருக்கு அந்த வரிகளின் பொருள் விளங்காமல் இருந்திருக்காது. ஏன் திடீரென்று இப்படி ஓர் அறிவிப்பு என்று அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவர் கேட்காததை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அந்தச் சாதகம்தான் இன்று உறுத்துகிறது. பேனாவை வாங்கியது சரியா தவறா என்பதுகூட இரண்டாம் பட்சமாகிவிட்டது. அவருடைய கணக்கில் எழுதிய ஒரு தவறு ஒருவேளை அவருடையதில்லை என்று தெரிந்த பிறகும் அதை அவர் கணக்கிலேயே விட்டுவைத்தேன்.

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இது: சொன்னால் பேனாவைத் திருப்பிக் கேட்பார், விரல் நடுக்கம் போகவில்லையே, மறுபடியும் எப்படி மறுப்பது? அது நியாயமான பயம்தான். கோழைத்தனமும் அதில் கலந்திருந்தது. எது எத்தனை பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பிற்பாடு ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். போர்க்காலத்தில் ராடார் திரையைக் கண்காணித்தவர்கள் நேரம் ஆக ஆகக் கோட்டை விட்டதால், நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் பிரிட்டிஷ் விமானப்படைக்காக அதைச் சோதித்தார். கடிகாரம் போன்ற வட்டத்தில் ஒரு முள் ஒரே சீராக நகரும், எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம். முதல் அரைமணிக்குள்ளேயே பலருடைய கவனம் சரிந்தது. 1948இல் வெளியான ஆய்வு அது. உட்கார்ந்திருந்தவர்கள் முதியவர்களும் அல்லர். 24 பெட்டிகளைத் தொட்டுப் பார்த்து முடிக்க எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆகும்.

அப்படியானால் 79 வயது என்ற என் காரணம் என்ன ஆகிறது? ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைத்ததால் என்ன பாதுகாப்பு கூடியது? இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவருடைய கையெழுத்துக்குக் கீழே என்னுடையது. அன்றைக்கு அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினால் போதும் என்று நினைத்தேன். இப்போது இரட்டைக் கையெழுத்துதான் நடைமுறை. அது அவர் போன பிறகு வந்தது.

பேனாவைக் கொடுத்த மறுநாள் அவர் வரமாட்டார் என்று எதிர்பார்த்தேன். எட்டு மணிக்கு வந்துவிட்டார். நான் சோதிப்பதைத் தள்ளி நின்று பார்த்தார், ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அவர் 11ஆம் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருந்தார். "சுற்று தம்பி" என்றார்.

பழுது பார்த்தவன் முதலில் ஏற வேண்டும் என்ற விதிப்படி அன்று ஏற வேண்டியவன் நான். எனக்கு உயரம் ஆகாது, அவருக்கு அது தெரியும். என்னைச் சோதித்தாரா, என் கையெழுத்தை நம்புகிறேன் என்று காட்டினாரா, வெறும் பழக்கமா? அதன் பிறகு நாலரை ஆண்டுகள், படுக்கையில் விழும்வரை, தினமும் என் கையெழுத்தின் மேல் அவர்தான் முதலில் ஏறினார். பெட்டி உச்சிக்குப் போகும்போது கீழே பார்க்கமாட்டார். கை மட்டும் தாழ்ப்பாளின் மேல் இருக்கும்.

போன வாரம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளிப், துப்புரவு, அறிவிப்பு, நான் கூப்பிட்டதாக எனக்கிருக்கும் நினைவு, எல்லாம். அவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கு இரவு அப்பா சீக்கிரம் தூங்கப் போய்விட்டார். 'நாளையிலிருந்து தம்பி பார்த்துக்கொள்வான்' என்று மட்டும் சொன்னார்" என்றார். எந்தக் குரலில் சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"பலகையில் என்ன எழுதட்டும் அக்கா?"

"நீங்களே எழுதுங்கள். உங்களுக்குத்தான் தெரியும்."

"கடைசி வரை முதல் சுற்றில் அவரே ஏறினார்" என்று எழுதிப் பார்த்தேன். பொய்யில்லை. ஆனால் அதைப் படிப்பவர்கள் கையெழுத்தும் அவருடையது என்றே நினைத்துக்கொள்வார்கள். இன்னும் கொடுக்கவில்லை, மேசையில் இருக்கிறது.

நேற்றுச் சேர்ந்த பெண் ஒருத்தி, துடைத்த பிறகுதான் சோதனை என்று ஏன் இவ்வளவு கண்டிப்பாக எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஒரு நாள் 11ஆம் பெட்டியில் கிளிப் இல்லாமல் இருந்தது என்றேன். "யார் விட்டது சார்?" என்றாள். அவளைப் பழைய பதிவேட்டு அலமாரிக்கு அழைத்துப் போய் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். 11ஆம் வரிக்கு எதிரே குறி, ஓரத்தில் காய்ந்த கிரீஸ் ரேகை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம்" என்றேன்.