தப்பிய 15

காட்பாடியில் நாங்கள் நான்கு பேர் வேலை பார்க்கும் சிறிய அலுவலகம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கிடங்குக்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். தரம் பிரிக்கையில் கழித்த தோல்களின் எண்களை இருப்பு அர்ரேயிலிருந்து, அதாவது நிரலுக்குள் வரிசையாக இருக்கும் பட்டியலிலிருந்து, நீக்கும் பகுதி என்னுடையது.

பத்து நாளில் கிடங்கு மேற்பார்வையாளர் கூப்பிட்டார். போனபோது, அச்சிட்ட பட்டியலைத் தோல் கட்டின் மேல் விரித்து வைத்திருந்தார். ஈரம் ஏறிக் காகிதத்தின் ஓரம் சுருண்டிருந்தது. சில எண்களைச் சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்தார். "தம்பி, ஒற்றையாகக் கழித்தவை ஒழுங்காகப் போய்விடுகின்றன. அடுத்தடுத்துக் கழித்தால்தான் ஒன்று தங்கிவிடுகிறது. 14, 15, 16 மூன்றையும் கழித்தேன். 15 இன்னும் இருக்கிறது, பாருங்கள்" என்றார்.

நிரலில் ஒரு வரிகூடப் பார்க்காமல் பிழை இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டார். அந்த மரியாதை எனக்கு இன்றும் குறையவில்லை. நான் முதலிலிருந்து எண்ணிக்கொண்டே போய், கழிவோடு பொருந்துவதை ஸ்ப்ளைஸ் என்ற கட்டளை கொண்டு அதே அர்ரேயிலிருந்து உருவி நீக்கியிருந்தேன். 14 போனதும் 15 அதன் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. இடம் இடமாக எண்ணிப் போகும் சுற்றோ (லூப்) அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. அங்கே நிற்பது 16. நடுவில் இருந்த 15-ஐ யாரும் கேட்பதே இல்லை. என் சோதனைத் தரவில் கழிவுகள் தள்ளித் தள்ளியே இருந்ததால் இது தெரியாமல் போயிற்று.

கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி எண்ணினாலே தீர்ந்துவிடும். அப்போது நகர்பவை எல்லாம் ஏற்கெனவே பார்த்தவை. ஆனால் அங்கே தரம் பிரிப்பவரைச் சற்று நேரம் கவனித்தேன். அவர் குவியலுக்குள்ளிருந்து கெட்ட தோலை உருவுவதில்லை. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, நல்லதைப் புதிய அடுக்கில் வைக்கிறார். ஃபில்டர் என்ற கட்டளை செய்வதும் அதுதான். ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் 2009-இலிருந்தே இருக்கிறது. பழைய அர்ரேயைத் தொடாமல், தேறியவற்றைப் புதிதாக அடுக்கித் தருகிறது.

திருவலம் வழியாகப் பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். கழித்த எண்களை ஒரு செட்டில் (ஓர் எண் உள்ளே இருக்கிறதா என்று சட்டெனச் சொல்லும் தொகுப்பு) போட்டு, அதில் இல்லாதவற்றை மட்டும் ஃபில்டரில் எடுத்தேன். செட் இல்லாமல், அர்ரேயில் தேடும் இன்க்ளூட்ஸ் கட்டளை என்றால் ஒவ்வொரு தோலுக்கும் கழிவுப் பட்டியலைத் தலையிலிருந்து தேட வேண்டியிருக்கும். கிடைத்த புதிய அர்ரேயைப் பழைய பெயரிலேயே மறக்காமல் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் திரையில் பழைய இருப்பே நிற்கும்.

இப்போது எங்கள் சோதனைத் தரவு 14, 15, 16-இல்தான் தொடங்குகிறது. எல்லாத் தோலும் கழிந்துபோன கட்டு ஒன்றும் அதில் உண்டு. அது மேற்பார்வையாளர் கேட்டுச் சேர்த்தது.