மருத்துவர் சீட்டில் ஹெராயின்

ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு அரசாங்கமே ஹெராயின் கொடுக்கிறது என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது, குடிகாரனிடம் சாராயக்கடைச் சாவியை ஒப்படைப்பதைப் போலத்தான் எனக்குத் தோன்றியது. சுவிட்சர்லாந்தின் நடைமுறையைப் படித்த பிறகு, அங்கே யாரிடமும் சாவி போவதில்லை என்பது புரிந்தது.

சூரிச் நகரின் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் வெட்டவெளியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களை 1992இல் விரட்டியபோது, அவர்கள் லெட்டன் என்ற கைவிடப்பட்ட ரயில் நிலையத்தில் போய்க் கூடினார்கள். ஹெராயினுக்குப் பதிலாகத் தரப்படும் மெத்தடோன் போன்ற மருந்துகளால் பலன் பெறாதவர்களுக்குத் தூய ஹெராயினை மருத்துவர் கண்காணிப்பில் தரும் சோதனை 1994இல் தொடங்கியது. 2008ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் 68 விழுக்காட்டினர் ஆதரித்ததால் அது சட்டத்தில் நிலைத்தது.

இந்தச் சிகிச்சை மையத்துக்குள் நடப்பதில் கிளர்ச்சியூட்டும்படி எதுவுமில்லை. வந்தவரின் பேச்சையும் நடையையும் செவிலியர் கவனிக்கிறார். குடித்துவிட்டு வந்திருந்தால் ஊசி தள்ளிப்போகலாம், அளவும் குறையலாம். அளந்து நிரப்பிய ஊசியை வாங்கி, செவிலியரின் கண்ணெதிரே நோயாளி தானே ஏற்றிக்கொள்கிறார். மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சிறிது நேரம் அங்கேயே உட்கார வைக்கப்படுகிறார். மெத்தடோனை நாளுக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டால் போதும்; ஹெராயினின் வீரியமோ சில மணி நேரத்தில் இறங்கிவிடுவதால், ஞாயிற்றுக்கிழமையானாலும் இரண்டு மூன்று முறை வந்தாக வேண்டும். நிபந்தனை ஜாமீனில் வந்தவர் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுவதைப் போன்ற வாழ்க்கை இது. ஆயினும் அடுத்த பொட்டலத்துக்குப் பணம் தேடுவதிலேயே பொழுதெல்லாம் கழிந்தவருக்கு, ஊசிக்கும் ஊசிக்கும் இடைப்பட்ட அந்த நேரம் புதிதாகக் கிடைத்த சொத்துதான்.

ஆபத்தே இல்லை என்று வாதிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஹெராயின் ஊசியையும் மெத்தடோனையும் ஒப்பிட்டு, 2009இல் முடிவுகள் வெளியான கனடாவின் நவோமி ஆய்வில், ஹெராயின் ஊசி பெற்றவர்களில் 10 பேருக்கு மருந்தின் அளவு மிஞ்சிப்போனது. அவர்கள் பிழைத்ததற்குக் காரணம், பக்கத்தில் ஆள் இருந்ததுதான். அதே ஆய்வில் ஓராண்டுக்குப் பிறகு, ஹெராயின் பிரிவில் சுமார் 88 விழுக்காட்டினரும் மெத்தடோன் பிரிவில் 54 விழுக்காட்டினரும் சிகிச்சையில் நீடித்திருந்தார்கள். போதையிலிருந்து முழுமையாக விடுபட்டவர்களின் கணக்கல்ல இது; ஆனால் சிகிச்சையில் நீடிப்பவரிடம்தான் மருத்துவர் அடுத்த பேச்சைத் தொடங்க முடியும்.

என்னை உறுத்துவது செலவுக் கேள்விதான். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு செவிலியர் அருகில் இருக்க வேண்டுமென்றால் செலவு மெத்தடோனைவிடக் கூடத்தான் செய்யும். திருட்டும் சிறைவாசமும் குறைவதால் மிச்சமாகும் பணம் வேறு துறைகளின் கணக்கில்தான் சேர்கிறது. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் 2019இல் தொடங்கிய இத்தகைய திட்டம், நிதி தொடராததால் 2022இல் மூடப்பட்டது. அங்கே வந்துகொண்டிருந்தவர்களின் உடலுக்கு மட்டும் அந்த நிதியாண்டுக் கணக்கு தெரியாது.