18 பேரோடு கோத்தகிரியில் இரண்டு நாள்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். சார், அக்கவுண்டன்ட்கள், ஆர்ட்டிக்கிள் பிள்ளைகள் (சி.ஏ. படிப்புக்காகப் பயிற்சி எடுப்பவர்கள்), வெளிவேலை பார்க்கும் அண்ணன் எல்லாரும் சேர்த்து 18 பேர். செப்டம்பர் வந்துவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்கும் ஆபீஸில் விளக்கு எரியும். போன வருஷம் அந்த நெருக்கடி முடிந்த கையோடு இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். அதற்கப்புறம்தான் சார், "எங்கயாவது வெளிய போய் ரெண்டு நாள் உட்காருவோம். இதை எப்படி மாத்தறதுன்னு பேசுவோம்" என்றார். ஏற்பாடெல்லாம் என் தலையில்.

எங்கள் தொழிலில் காலண்டரில் சந்து கண்டுபிடிப்பதே ஒரு வேலை. ஜூலை 31 வருமான வரி ரிட்டர்ன், செப்டம்பர் 30 ஆடிட் ரிப்போர்ட், அதற்கு அடுத்த மாதமே ஆடிட் கேஸ்களின் ரிட்டர்ன், டிசம்பர் 31 ஜிஎஸ்டி வருடாந்திர ரிட்டர்ன், அப்புறம் மார்ச். ஏப்ரல், மே கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் நீலகிரிக்கு அதுதான் சீசன். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஏப்ரலிலிருந்து சீசன் மாதங்களில் வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டி என்று கணக்கு வைத்துத்தான் இ-பாஸ் தருகிறார்கள். அதில் முண்டியடித்துப் போய் என்னத்தை உட்கார்ந்து பேசுவது? மழைக்காலத்தை நான் பேச்சுக்கே எடுக்கவில்லை. கோத்தகிரி மலையின் கிழக்குப் பக்கம் இருப்பதால் வடகிழக்குப் பருவமழை நேராக வந்து அடிக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தது எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. பொங்கல் கழிந்து பிப்ரவரி என்று முடிவானது.

ஊட்டி வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அங்கே போனால் பாதிப்பேர் பொட்டானிக்கல் கார்டனிலும் மீதிப்பேர் வர்க்கிக் கடையிலும் இருப்பார்கள்.

இடம் முடிவானதும் எல்லோரும் செய்வதுபோல நானும் ரூம் வாடகையைத்தான் பார்க்க ஆரம்பித்திருப்பேன். ஆனால் எங்கள் ஆபீஸில் பத்துப் பேர் பெண்கள். குரூப்பில் "ஓகே" என்று கட்டைவிரல் காட்டுவார்கள். கிளம்பும் முதல் நாள் "அக்கா, வீட்ல ஒத்துக்கல" என்பார்கள். கோயிலுக்கு வேன் வைத்தபோதே இதைப் பார்த்தாயிற்று. அதனால் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, "உனக்கு வர்றதுல என்ன கஷ்டம்?" என்று மட்டும் கேட்டேன். வருகிறாயா இல்லையா என்று கேட்கவில்லை.

எத்தனை விதமான பதில்! ஒருத்திக்கு இரண்டு வயதுக் குழந்தை. ஒருவருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. டைப் செய்யும் தங்கச்சிக்கு பண்ணாரி போகிற பஸ்ஸிலேயே வாந்தி வரும். ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டதிலிருந்து வெளியில் சாப்பிடுவதில்லை. மாலையைக் கழற்றிய பிறகும் அப்படியே. ஆர்ட்டிக்கிள் பெண்கள் மூன்று பேருக்கும் அப்பாதான் கஷ்டம்.

அப்பாக்களுக்கு நானே ஃபோன் போட்டேன். ஒருவர் எடுத்ததும், "ஏனுங் மேடம், லேடீஸ் எத்தன பேருங்க வர்றீங்க?" என்றார். சொன்னேன். "ரூம் பூட்டு உள்பக்கம் இருக்குதுங்களா?" என்றார். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வெளிவேலை அண்ணனும் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து கோத்தகிரி பஸ் பிடித்து வீடு பார்க்கப் போனோம். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தொல்லை இல்லை. முதலில் பார்த்த இடம் விளம்பரத்தில் மாளிகை மாதிரி இருந்தது. நேரில் ரோட்டிலிருந்து அறுபது எழுபது படி கீழே, கைப்பிடி கிடையாது. முழங்கால்காரரை நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். இரண்டாவது, தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு படுகர் குடும்பத்தின் வீடு. கார் வாசல் வரை போகும். ஆறு ரூம், நான்கு பாத்ரூம். ரூமை எண்ணாதீர்கள், பாத்ரூமை எண்ணுங்கள். கோத்தகிரி கிட்டத்தட்ட 6,000 அடி உயரம். பிப்ரவரிக் காலையில் வெந்நீர் இல்லாமல் யாரும் குளிக்கமாட்டார்கள். 18 பேர் வெந்நீருக்கு வரிசையில் நின்றால் மீட்டிங் மத்தியானம்தான் தொடங்கும். இங்கே கீசரோடு, பின்கட்டில் விறகு வைத்து எரிக்கும் பாய்லரும் இருந்தது. கரண்ட் போனாலும் கவலையில்லை.

வீட்டுக்கார அண்ணன் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னார். "ஆறு மணிக்கு மேல யாரும் தோட்டத்துல நடக்கக்கூடாது அக்கா. கரடி வரும். காட்டுமாடு வந்தா செல்ஃபி எடுக்கப் போகாதீங்க. மிச்சம் மீதி சோத்த வெளிய கொட்டாதீங்க." எண்ணெய் வாசனைக்குக் கரடி கதவையே உடைக்குமாம். அதோடு கேம்ப்ஃபயர், ராத்திரி வாக்கிங் எல்லாம் திட்டத்திலிருந்து அடிபட்டன. ஆர்ட்டிக்கிள் பையன்களுக்கு முகம் சுருங்கியது. எனக்கு நிம்மதி.

பூட்டு உள்பக்கமும் இருந்தது. போட்டோ எடுத்து அந்த அப்பாவுக்கு அனுப்பினேன். "சரிங்க, சந்தோசம்" என்று பதில் வந்தது.

வண்டி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 2023 செப்டம்பர் 30, எங்களுக்கு ஆடிட் கடைசி நாள். அன்று சாயங்காலம்தான் குன்னூர் மரப்பாலம் பக்கத்தில் சுற்றுலா பஸ் கவிழ்ந்த செய்தி வந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாரும் செல்லில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதனால் பெரிய பஸ் வேண்டாம், இரண்டு வேன் போதும், டிரைவரிடம் நான் நேரில் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். ஒயிட் போர்டு வண்டி, அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டி, வாடகை குறைவுதான். ஆனால் வாடகைக்கு ஓட்ட அதற்கு பெர்மிட் கிடையாது; ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டுதான் பிடித்தோம். ஒரு டிரைவரிடம், "மலை இறங்கும்போது எந்த கியர்ல வருவீங்க?" என்று கேட்டேன். "ஏறுன கியர்லயேதாம்மா எறங்கணும். பிரேக்கையே மிதிச்சிட்டு வந்தா சூடாகி புடிக்காமப் போயிரும்" என்றார். அவரையே பேசி முடித்தோம். முதல் நாள் ராத்திரி அவர்கள் தூங்கியிருக்க வேண்டும், கீழே இறங்குவது பகலில்தான் என்று இரண்டு நிபந்தனை. மலைக்குத் தனி பேட்டா கேட்டார்கள். நியாயம்தான்.

இ-பாஸ் எடுப்பது நினைத்த அளவுக்குச் சிரமமில்லை. வண்டி நம்பர், எத்தனை பேர், எந்தத் தேதி வருகிறோம், எப்போது கிளம்புகிறோம், எங்கே தங்குகிறோம் என்று கேட்கும். காசு கிடையாது. வேனுக்கு ஒன்றாக இரண்டு பாஸ். சீசன் இல்லாததால் உடனே வந்துவிட்டது. கடைசி நேரத்தில் வண்டி மாறினால் பாஸும் மாற்ற வேண்டும், அதனால் டிரைவரிடம் நம்பரை இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக்தான் உண்மையான சோதனை. நீலகிரியில் சின்னத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகவே கூடாது. ஆளுக்கொரு சில்வர் பாட்டில் என்று சொல்லிவைத்தேன். ஒரு பெண்ணின் அம்மா பெரிய பிளாஸ்டிக் கவர் நிறைய முறுக்கு சுட்டுக் கொடுத்திருந்தார். குஞ்சப்பனை செக்போஸ்ட் வருவதற்குள் அதை டிபன் டப்பாக்களுக்கு மாற்றினோம். மாற்றும்போதே கால்வாசி காலி.

வாந்திக்காரத் தங்கச்சிக்கு முன் சீட். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ஓர் அவோமின் வாந்தி மாத்திரை, வயிற்றுக்கு இரண்டே இட்லி, கையில் எலுமிச்சம்பழம். அவள் தப்பித்தாள். பூரி மசால் சாப்பிட்டுவிட்டுக் கடைசி சீட்டில் செல் பார்த்துக்கொண்டு வந்த ஆர்ட்டிக்கிள் பையன்தான் இரண்டு தரம் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

குழந்தைக்காரி தன் அம்மாவையும் கூட்டிவந்தாள். சார் முதலில் தயங்கினார், "ஆபீஸ் விஷயம் பேசறோமே" என்று. அவள் இல்லாமல் ஜிஎஸ்டி பற்றி யார் பேசுவது என்று கேட்டேன். அந்த அம்மா பேரனை வைத்துக்கொண்டதோடு, சமையல்கட்டில் வீட்டுக்கார அக்காவோடு நல்ல சிநேகம் ஆகிவிட்டார். அவரைப் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு வைத்த குழம்பும் ராகிக் களியும்தான் இரண்டு நாளும் முதலில் காலியானது. வெளியே சாப்பிடாத மனிதர் பின்கட்டில் போய் நின்று பார்த்து, திருப்தியாகி, களி இரண்டாம் முறை வாங்கினார்.

மீட்டிங்கை ஒன்பதரைக்கு வராந்தாவில் வைத்தோம். அதற்கு முன்னால் குளிர். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் யாருக்கும் பேச்சில் கவனம் நிற்காது. ஒரு மணிக்கே முடித்து, மதியம் லாங்வுட் சோலைக்கு அனுப்பிவிட்டோம். 2024ல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த காடு அது. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டுதான். முழங்கால்காரர் போகவில்லை. வீட்டுக்கார அண்ணன் அவரைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்கு வருமான வரி உண்டா என்று கேட்டிருக்கிறார். இலையை வளர்த்துத் தூளாக்கியும் விற்றால் 40 சதவீதம் தொழில் வருமானம், 60 சதவீதம் விவசாய வருமானம். பச்சை இலையை மட்டும் ஃபேக்டரிக்குப் போட்டால் முழுக்க விவசாயம்தான் என்று விளக்கி, இரண்டு டம்ளர் டீ குடித்திருக்கிறார். மலைக்கு வந்தும் கன்சல்டேஷன்.

புரொஜெக்டர் எதுவும் கொண்டுபோகவில்லை. செப்டம்பரில் எது தாமதமாகிறது என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னோம், பெயர் போடாமல். பதினைந்து சீட்டுக்கு மேல் ஒரே விஷயம்தான்: பார்ட்டியிடமிருந்து, அதாவது எங்களிடம் கணக்குக் கொடுக்கிறவர்களிடமிருந்து, பேப்பர் வருவதில்லை. பார்ட்டிகளைத் திட்டி அரை மணி நேரம் போனது. அப்புறம் வெளிவேலை அண்ணன், ஆபீஸில் வாயே திறக்காதவர், "தப்பு அவங்க மேல மட்டும் இல்லீங்க சார்" என்று ஆரம்பித்தார். பெருந்துறையில் ஒரு மில்லுக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை போயிருக்கிறார். ஒரு நாள் பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கு, ஒரு நாள் ஸ்டாக் லிஸ்ட்டுக்கு, இன்னொரு நாள் பர்ச்சேஸ் பில்லுக்கு. ஆபீஸில் மூன்று பேர் தனித்தனியே கேட்டிருக்கிறோம். "கடைசி தடவ போனப்ப அந்த மேனேஜர், உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்களான்னு கேட்டாருங்க."

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சார்தான் முதலில் சிரித்தார். அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ஒரு பார்ட்டிக்கு ஒரே லிஸ்ட், ஒரே ஆள் பொறுப்பு, ஆகஸ்ட் 20க்குள் பேப்பர் வராவிட்டால் சாரே ஃபோன் செய்வது என்று சார்ட்டில் எழுதினோம். அதற்கு மேல் கெடு தாண்டினால் கூடுதல் ஃபீஸ் வாங்கலாமா என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓடுகிறது.

செலவு, வண்டி, தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,000 ரூபாய்க்குள் அடங்கியது. பார்ட்டிகளுக்கான லிஸ்ட் மார்ச் முதல் வாரமே போய்விட்டது. இரண்டு பேர் கோபமாக ஃபோன் செய்தார்கள்; பெருந்துறை மில் மேனேஜர் மட்டும் எல்லாப் பேப்பரையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அண்ணனுக்கு ஃபோன் செய்தாராம்.