முதலாமாண்டு ஆங்கில வகுப்பில் சொற்கள் சேரும் விதம்

கலைக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான், பருவத் தொடக்கத்தில் அவர்களிடம் சில ஆங்கிலச் சொற்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மனத்தில் முதலில் தோன்றும் ஆங்கிலச் சொல்லை யோசிக்காமல் எழுதச் சொல்வது வழக்கம். 1910-இல் கென்ட், ரோசனாஃப் என்ற இருவர் அமெரிக்காவில் 100 சொற்களைக் கொண்டு 1000 பேரிடம் நடத்திய சோதனையின் எளிய வடிவம் இது. 'டேபிள்' என்றதும் அங்கே மிகப் பலர் சொன்ன விடை 'சேர்'.

பெரும்பாலும் தமிழ்வழியில் படித்து வந்த என் மாணவர்களிடமிருந்தும் அந்த விடை வருகிறது. கூடவே 'கேபிள்', 'ஏபிள்' என ஓசையை மட்டும் பற்றிக்கொண்டு வரும் விடைகளும் உண்டு. பிரெஞ்சு கற்ற ஆங்கில மாணவர்களிடம் மொழி ஆய்வாளர் பால் மீராவும் இத்தகைய விடைகளைக் கண்டிருக்கிறார். இதைத் திறமைக் குறைவாகக் கருத எனக்கு மனம் வரவில்லை. 'மதர்' என்றால் 'ஃபாதர்' என்று எழுதும் அதே மாணவர், அரைகுறையாகத் தெரிந்த 'ஃபெயித்' என்ற சொல்லுக்கு 'ஃபேஸ்' என்று எழுதுகிறார். பொருள் இன்னும் வேர் பிடிக்காத சொல்லுக்கு ஓசைதானே உறவு!

என்னை அதிகம் யோசிக்கவைப்பது வேறொரு குழப்பம். கல்விக்கடன் கேட்டு வங்கிக்குக் கடிதம் எழுதும் பயிற்சியில் ஒரு மாணவி 'லெண்ட்' (கடன் கொடு) என்று எழுதி, அடித்து, 'பாரோ' (கடன் வாங்கு) என்று எழுதி, அதையும் அடித்திருந்தார். தனித்தனியாகக் கேட்டபோது இரண்டுக்கும் சரியாகப் பொருள் சொன்னார். பொருளால் நெருங்கிய சொற்களை ஒரே நேரத்தில் கற்றால் அவை ஒன்றையொன்று இடறும் என்று 1993-இல் தாமஸ் டிங்கம் சோதனை வழியாகக் காட்டினார். தவளை, குளம், நீந்துதல் போல ஒரே காட்சியில் சேரும் சொற்கள் எளிதாகப் பதிகின்றன என்பது 1997-இல் அவர் கண்ட முடிவு. நம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஆங்கில வினாத்தாளோ ஒருபொருட்சொல், எதிர்ச்சொல் வினாக்களோடுதான் தொடங்குகிறது. ஆகவே மாணவர்கள் சொற்களை இணை இணையாகவே மனப்பாடம் செய்து வருகிறார்கள்.

இப்போது 'பாரோ' என்ற சொல்லை நூலக அட்டை, திருப்பித் தரும் தேதி, அபராதம் ஆகியவற்றோடு சேர்த்துக் கற்பித்து, சில வாரங்கள் கழித்தே 'லெண்ட்' பக்கம் போகிறேன். தேர்வு நெருங்கும்போதுதான் இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதுகிறேன். குழப்பம் முற்றிலும் நீங்கிவிடவில்லை, ஆனால் கடிதங்களில் அடித்தல் திருத்தல் குறைந்திருக்கிறது.