மூன்று பறவையும் ஒரு கோட்டையும்

ஒரு வாரமாக ஜப்பானின் கியோத்தோ நகரத்து சன்ஜோனிஷி குடும்பத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அரசவைப் பிரபுக்கள்தான், ஆனால் ஓனின் போரில் (1467–77) ஊரே எரிந்து நிலவருமானமும் சுருங்கிப்போக, தாத்தா சனேதகா தன்னிடமிருந்த ‘கெஞ்சி கதை’ என்ற பழைய ஜப்பானிய நாவலின் பிரதியையே விற்க வேண்டியதாயிற்று. அதே கெஞ்சிக்கு அவர் பெயரில் ‘சாய்ரியூஷோ’ என்றொரு உரை இருக்கிறது. மகன் கினேதாவுக்கு ஒன்று, பேரன் சனேகிக்கு ஒன்று. சொத்து போனாலும் உரை போகவில்லை.

உரைகளிலும் எல்லோருக்கும் காட்டாத ஒரு வகை உண்டு. 905-இல் அரசாணைப்படி தொகுக்கத் தொடங்கிய ‘கோகின்ஷு’ கவிதைகளுக்கான இரகசிய விளக்கம், கோகின் தென்ஜு. கவிஞர் சோகியிடமிருந்து சனேதகாவுக்கு வந்து, அப்புறம் அப்பன் மகனுக்கு என்று இறங்கியது. சில விஷயங்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுப்பார்கள். அப்படி என்ன பெரிய இரகசியம் என்று பார்த்தால், கவிதையில் வரும் மூன்று பறவைகள் எந்தப் பறவைகள் என்பது அதில் ஒன்று! எனக்குச் சிரிப்புதான் வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அறிஞர் மோதோஓரி நோரினாகாவும் இதையெல்லாம் பிற்காலக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டார். விளக்கத்தைவிட, அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதற்குத்தான் மதிப்பு என்று தோன்றுகிறது.

சரி, சனேகிக்கு வயதாகிவிட்டது, மகனோ சின்னப் பையன். அதனால் ஹொசோகாவா யூசாய் என்ற போர்வீரருக்குச் சொல்லிக்கொடுத்தார், பின்னால் தன் குடும்பத்துக்கே திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. 1600-இல் அந்த யூசாய் தனபே கோட்டையில் (ஜப்பானில் இன்றைய மைசுரு நகரம்) சுமார் 500 பேரோடு மாட்டிக்கொண்டார், வெளியே முற்றுகையிட்ட எதிரிகள் 15,000 பேர். இவர் செத்தால் தென்ஜுவும் போய்விடும் என்று பேரரசர் கோ-யோசெய் பதறி, முற்றுகையை நிறுத்தச் சொல்லித் தூதர்களை அனுப்பினார்.

அந்தத் தூதர்களில் ஒருவர் சனேகியின் பேரன் சனேஎதா. இன்னொருவர் சனேகியின் சகோதரி மகன் நக்கானோயின் மிச்சிகட்சு. முந்தைய பேரரசரின் கோபத்துக்கு ஆளாகித் தாங்கோ மாகாணத்தில் யூசாயின் நிழலில் ஏறக்குறைய இருபது வருடம் ஒதுங்கியிருந்து, பழைய கெஞ்சி உரைகளைத் திரட்டி 1598-இல் ‘மிங்கோ நிஸ்ஸோ’வை முடித்தவர். தனபே கோட்டை இருப்பதும் அதே தாங்கோவில்தான்.